கோலை ஓச்சுவது என்றால்…

சென்ற இதழில் ஒரு பதிலுக்கு நடுவே 'கோலோச்சுதல்' என்ற சொல்லைப் போகிற போக்கில் எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு இத்தனை பேர் கடிதம் போடுவீர்கள் என்று நினைக்கவில்லை. மெய்ப்புப் பார்ப்பதையே தொழிலாகக் கொண்ட எனக்கு இதைவிடச் சந்தோஷம் வேறு இல்லை. அதனால் இந்த முறை முழுக்க இந்த ஒரு வினைச்சொல்லும் அதன் சொந்தபந்தங்களும்தான். மற்ற கேள்விகள் அடுத்த இதழுக்குக் காத்திருக்கட்டும்.

கேள்வி: கோலோச்சு என்பதில் 'கோல்' புரிகிறது. 'ஓச்சு' என்றால் என்ன? தனியாக அந்தச் சொல்லைக் கேட்டதே இல்லை. மாணவர்கள் கேட்டால் 'ஆட்சி செய்வது' என்று சொல்லி முடித்துவிடுகிறேன். மனசுக்குப் போதவில்லை. (ஒன்பதாம் வகுப்புக்குத் தமிழ் நடத்தும் ஆசிரியை)

பதில்: உங்களுக்குப் போதாமல் போனது நல்லதுதான். 'ஓச்சு' என்றால் உயர்த்து, ஓங்கச் செய் என்று பொருள். மரம் ஓங்குகிறது, புகழ் ஓங்குகிறது என்கிறோமே, அந்த 'ஓங்கு' தானாக உயர்வது. ஒருவர் ஒரு பொருளைக் கையில் பிடித்து உயர்த்தினால் அது ஓச்சுதல். வாளை ஓச்சினான், கோலை ஓச்சினான் என்பது பழைய நடை. உயர்த்திய கை சும்மா நிற்காதே. அதனால் வீசுதல், செலுத்துதல் என்ற பொருள்களும் கூடவே வந்து ஒட்டிக்கொண்டன. இன்றைய பேச்சில் இந்த வேலையெல்லாம் 'ஓங்கு' என்பதன் தலையிலேயே விழுந்துவிட்டது. கையை ஓங்கினான், அரிவாளை ஓங்கினான் என்றுதான் சொல்கிறோம். ஓச்சு தனியாக நிற்க இடமில்லாமல், கோலைப் பற்றிக்கொண்டு உயிர் வாழ்கிறது.

மாணவர்களுக்கு ஓச்சு என்பதைத் தனியாகக் காட்ட வேண்டுமானால் 562ஆம் குறளை எழுதிப் போடுங்கள்.

கடிதோச்சி மெல்ல எறிக நெடிதாக்கம்
நீங்காமை வேண்டு பவர்.

இதில் கோல் என்ற சொல்லே இல்லை. ஓச்சுதலும் எறிதலும் மட்டும் இருக்கின்றன. எறிதல் என்றால் இங்கே அடித்தல். ஓச்சும்போது கடுமையாக ஓச்சு, அடி விழும்போது மென்மையாக விழட்டும் என்கிறார் வள்ளுவர். செல்வம் நெடுநாள் நிலைக்க வேண்டும் என்று நினைக்கிற அரசனுக்குச் சொல்லும் யோசனை இது. 'வெருவந்த செய்யாமை', அதாவது குடிகள் நடுங்கும்படியான காரியங்களைச் செய்யாமலிருப்பது என்ற அதிகாரத்தில் வருகிறது. குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகர் இதற்கு அழகாகக் காரணம் சொல்வார்: குற்றம் செய்கிறவர் அஞ்சுவதற்காகத் தொடக்கத்தில் கடுமை; மற்ற யாரும் வெருளாமல் இருப்பதற்காக முடிவில் மென்மை.

ஓச்சுவது வேறு, அடிப்பது வேறு என்பது இந்த ஒரு குறளிலேயே தெளிவாகிவிடுகிறது. மாட்டுக்காரர் கையில் இருக்கும் தாற்றுக்கோலைப் பார்த்திருப்பீர்கள். தூக்கினாலே மாடு நடையைத் திருத்திக்கொள்ளும். பழகினவர் அதை முதுகில் இறக்குவது அபூர்வம். உயர்ந்த கோலுக்கு இருக்கிற அந்த வலிமைதான் 'ஓச்சு' என்ற வினைக்குள் இருக்கிறது.

சரி, இனி கோலும் ஓச்சும் சேர்ந்து வரும் இடத்துக்கு வருவோம். அதுவும் குறளிலேயே, 'செங்கோன்மை' அதிகாரத்தில் அடுத்தடுத்து இரண்டு முறை இருக்கிறது. 545ஆம் குறள் 'இயல்புளிக் கோலோச்சும் மன்னவன்' நாட்டில் மழையும் விளைச்சலும் சேர்ந்து வரும் என்கிறது. அதற்கு முந்தைய 544தான் என் நெஞ்சில் நிற்பது.

குடிதழீஇக் கோலோச்சும் மாநில மன்னன்
அடிதழீஇ நிற்கும் உலகு.

'தழீஇ' என்றால் தழுவி. சொல்லிசை அளபெடைக்கு உதாரணம் என்று மனப்பாடம் செய்யவைத்து, மேலே போய்விடுகிறோம். கொஞ்சம் நின்று பார்க்கச் சொல்லுங்கள். ஒரு கை குடிகளைத் தழுவுகிறது. இன்னொரு கை கோலை உயர்த்துகிறது. இரண்டும் ஒரே ஆள், ஒரே நேரம். இனிய சொல் சொல்வதும், தளர்ந்த நேரத்தில் வேண்டியதைக் கொடுப்பதும்தான் இங்கே தழுவுதல் என்று உரை விளக்குகிறது. தழுவுகிற கையைக் கழித்துவிட்டுக் கோலை மட்டும் எடுத்துக்கொண்டால் அது வள்ளுவர் சொன்ன கோலோச்சுதலில் பாதிதான். முதலடியில் மன்னன் குடியைத் தழுவுகிறான், இரண்டாம் அடியில் உலகம் அவன் அடியைத் தழுவுகிறது. முதலில் தழுவ வேண்டியவன் அவன் என்கிற வரிசையையும் குழந்தைகள் பார்க்கட்டும்.

ஈழத்து எழுத்தில் 'அரசோச்சிய மன்னர்கள்' என்று ஒரு வழக்கு உண்டு. அங்கே கோல் போய்விட்டது. ஓச்சு என்பதே ஆளுதல் என்ற பொருளுக்கு நகர்ந்துவிட்டது. கோலோடு கூடி நின்ற காலத்தில் ஏறிய பொருளைக் கோல் இல்லாமலே சுமக்கிறது அந்தச் சொல். எனக்கு அந்த வழக்கு மிகவும் பிடிக்கும்.

கேள்வி: செங்கோல் என்றால் சிவந்த கோல்தானே? பொன் சற்றுச் சிவந்து தெரிவதால் அப்படிப் பெயர் வந்தது என்று ஒருவர் மேடையில் பேசினார். (போட்டித் தேர்வுக்குப் படித்துவரும் வாசகர்)

பதில்: இல்லை. இதை உறுதியாகவே சொல்கிறேன். செம்மைக்குச் சிவப்பு என்றும் பொருள் உண்டு, நேர்மை என்றும் பொருள் உண்டு. செங்கதிர், செந்தாமரை என்பவை நிறத்தால் வந்தவை. செங்குத்து, செங்கோணம், செவ்வை என்பவை நேராக இருப்பதால் வந்தவை. செங்குத்தான பாறையில் சிவப்பைத் தேட மாட்டீர்கள் அல்லவா? செங்கோல் இந்த இரண்டாவது குடும்பம். வளையாமல் நேராக நிற்கும் கோல் அது. அரசன் வழங்கும் நீதி ஒரு பக்கம் சாயாமல் செவ்விய கோல்போல் இருப்பதால் அதற்கே செங்கோல் என்று பெயர் வந்தது என்று பரிமேலழகர் 'செங்கோன்மை' அதிகாரத்துக்கு முன்னுரை எழுதுகிறார். கவனியுங்கள், அவருக்குச் செங்கோல் என்பது கையில் இருக்கும் பொருள்கூட இல்லை, நீதிதான் செங்கோல்.

எதிர்ச்சொல்லைப் பார்த்தால் சந்தேகமே இருக்காது. செங்கோலுக்கு எதிர் கருங்கோலோ வெண்கோலோ இல்லை, கொடுங்கோல். கொடு என்பதன் பழைய பொருள் வளைவு. கொடுவாள் என்றால் வளைந்த வாள். கோடுதல், கோணுதல், கோணல் எல்லாம் வளைவைச் சொல்பவை. கொடுமை என்றவுடன் நமக்கு இன்று இரக்கமில்லாத செயல்தான் ஞாபகம் வருகிறது. நேர்மையிலிருந்து வளைந்த நடத்தை என்பதே அதற்கு அடி.

இதற்கு ஒரு சாட்சி கொடுக்கிறேன். முல்லைப்பாட்டு, நப்பூதனார் பாடியது, 103 அடி. போருக்குப் போன தலைவன் திரும்பவில்லை. மழைக்காலத்து மாலை. நல்ல சொல் கேட்பதற்காக முதுபெண்டிர் ஊருக்கு வெளியே போய் நிற்கிறார்கள். அங்கே ஓர் ஆய்மகள், தாயைக் காணாமல் தவிக்கும் கன்றுக்கு ஆறுதல் சொல்கிறாள்:

கைய
கொடுங்கோற் கோவலர் பின்நின்று உய்த்தர
இன்னே வருகுவர் தாயர்

கையில் வளைந்த கோலுள்ள கோவலர் பின்னால் நின்று ஓட்டிவர, இப்போதே வந்துவிடுவார்கள் உங்கள் தாய்மார் என்கிறாள். குளிரில் நடுங்கும் தோளைக் கையால் கட்டிக்கொண்டு நிற்கிற பெண் அவள். கட்டியிருக்கும் கன்றுக்குட்டியைத் தேற்றுகிற இந்த இடத்தில் கொடுங்கோல் வருகிறது! இங்கே கொடுமைக்கு என்ன வேலை? அது இடையர் கையில் இருக்கும் வளைந்த கோல், அவ்வளவுதான். தாய்ப்பசுக்களை வீட்டுக்குக் கொண்டுவரும் கோல். இந்த மூன்று அடியைப் படித்தவர்களுக்குக் 'கொடு' என்பதன் முதற்பொருள் மறக்காது.

தேர்வுக்குப் படிக்கிறவர் என்பதால் இன்னொன்றும் குறித்துக்கொள்ளுங்கள். 'கணைகொடிது யாழ்கோடு செவ்விது' என்று தொடங்கும் 279ஆம் குறள். அம்பு வடிவில் நேரானது, செயலில் கொடியது. யாழின் தண்டு வளைந்தது, செயலில் செவ்வியது. செம்மை, கொடுமை இரண்டின் பழைய பொருளையும் புதிய பொருளையும் எதிரெதிரே நிறுத்தி ஏழே சீரில் முடித்துவிட்டார். வடிவத்துக்குச் சொன்ன சொல் நடத்தைக்குப் போய்ச் சேர்ந்த வழி அந்தக் காலத்திலேயே புலவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்ததால்தான் அதை வைத்து இப்படி ஒரு குறளைக் கட்ட முடிந்தது.

கேள்வி: கோல் என்றால் அடிக்கும் தடி. அடிக்கிற பொருளை வைத்து ஆட்சிக்குப் பெயர் வைத்தது தமிழருக்குப் பெருமையா? (கோபமாக எழுதியிருக்கும் கல்லூரி மாணவி)

பதில்: உங்கள் கோபத்தை மதிக்கிறேன். ஆனால் கோல் என்றவுடன் அடி ஞாபகம் வருவது நம் பள்ளிக்கூடங்கள் செய்த வேலை. கோல் அத்தனை சின்னச் சொல் இல்லை. திருக்குறளை மட்டும் எடுத்துக்கொண்டு கோல் எங்கெல்லாம் வருகிறது என்று பாருங்கள்.

118ஆம் குறளில் 'சமன்செய்து சீர்தூக்குங் கோல்' வருகிறது. அது தராசு. தன்னைச் சமமாக வைத்துக்கொண்டு பிறகு எடையைத் தூக்கிப் பார்க்கும் துலாக்கோல். அதுபோல ஒரு பக்கம் 'கோடாமை' சான்றோர்க்கு அணி என்கிறார். 415இல் ஊற்றுக்கோல், வழுக்கும் நிலத்தில் நடப்பவருக்குத் துணையாகும் ஊன்றுகோல். ஒழுக்கமுடையவர் வாய்ச்சொல் அப்படி உதவும் என்பது குறள். 796இல் 'கிளைஞரை நீட்டி அளப்பதோர் கோல்'. கேடு வருகிறபோது நண்பர்கள் எவ்வளவு தூரம் வருவார்கள் என்று அளந்து காட்டும் அளவுகோல். 710இலும் 'அளக்குங்கோல்' இருக்கிறது. அங்கே அது பிறர் மனத்தை அளக்கும் கண்.

எடை போட ஒன்று, தாங்கிக்கொள்ள ஒன்று, நீளம் பார்க்க ஒன்று. இவை எதுவும் அடிப்பதற்கு இல்லை. இவற்றுக்கு நடுவேதான் அரசன் கையில் கோலைக் கொடுக்கிறார் வள்ளுவர். 542இல் உலகம் வானத்தைப் பார்த்து வாழ்வதுபோலக் குடிகள் மன்னவன் கோலைப் பார்த்து வாழ்கிறார்கள் என்கிறார். வானத்தை யாரும் அடிக்குப் பயந்து அண்ணாந்து பார்ப்பதில்லை, மழைக்காகப் பார்க்கிறார்கள்.

தண்டனையின் நிழல் அந்தக் கோலில் இல்லவே இல்லை என்று நான் சொல்லவில்லை. வடமொழியில் தண்டம் என்ற சொல்லுக்குக் கோல் என்றும் பொருள், தண்டனை என்றும் பொருள். நம் உரைகாரர்கள் இரண்டையும் இணைத்தே பேசுகிறார்கள். 562ஆம் குறளும் தண்டிப்பதைப் பற்றியதுதான். ஆனாலும் தமிழில் இந்தச் சொல்லைச் சுற்றி வருகிற வினைகளைப் பாருங்கள்: கோல் கோடியது, கோல் வளைந்தது, கோல் தளர்ந்தது, கோல் நிமிர்ந்தது. கவலையெல்லாம் கோல் நேராக இருக்கிறதா என்பதில்தான். கோல் எத்தனை பேரை அடித்தது என்று எந்தப் புலவரும் கணக்குக் கேட்கவில்லை.

இதற்குச் சிலப்பதிகாரத்தைவிட நல்ல இடம் கிடையாது. கண்ணகியின் சிலம்பு உடைந்து மாணிக்கப் பரல் தெறித்ததும் பாண்டியன் நிலையை இளங்கோ சொல்கிறார்: 'தாழ்ந்த குடையன் தளர்ந்த செங்கோலன்'. அதன்பிறகுதான் 'யானோ அரசன் யானே கள்வன்' என்ற சொல் அவன் வாயிலிருந்து வருகிறது. விழுந்து உயிரை விடுகிறான். இது மதுரையில். செய்தி பிறகு சேரன் செங்குட்டுவன் காதுக்குப் போகிறது. அவன் சொல்வதைப் படியுங்கள்:

வல்வினை வளைத்த கோலை மன்னவன்
செல்லுயிர் நிமிர்த்துச் செங்கோல் ஆக்கியது

விதி வளைத்துவிட்ட கோலை, பிரிந்துபோன அவன் உயிரே நிமிர்த்திச் செங்கோல் ஆக்கிவிட்டது. தன்னைப் போலவே ஆளுகிற இன்னொருவனைப் பற்றி ஓர் அரசன் சொல்கிற சொல் இது. அதோடு நிறுத்தவில்லை. மழை பொய்த்தால் அச்சம், உயிர்களுக்குத் தவறு நேர்ந்தால் பேரச்சம். குடிகளைக் காத்து, தன் கோல் கொடுங்கோல் ஆகிவிடுமோ என்று அஞ்சி ஆளும் குடியில் பிறப்பது 'துன்பம் அல்லது தொழுதகவு இல்' என்று முடிக்கிறான். தொழத்தக்கது ஒன்றும் இதில் இல்லை, துன்பம்தான் என்கிறான் அரியணையில் இருப்பவன். அம்மா, கோலுக்குப் பயப்படுகிறவர்கள் பட்டியலில் முதல் ஆளாக அதைப் பிடித்திருப்பவனையே வைத்த இலக்கியம் இது. எனக்கு இதில் பெருமை உண்டு.

கேள்வி: 'கோலோட்சினார்' என்று பல இடங்களில் பார்க்கிறேன். 'கோலாச்சினார்' என்றும் எழுதுகிறார்கள். எது சரி?

பதில்: கோலோச்சினார். மற்ற இரண்டும் பிழை. 'ஆட்சி' என்ற சொல் மனத்தில் இருப்பதால் கை தானாக ட் போட்டுவிடுகிறது. கோல் + ஓச்சு. ல் மேல் ஓ ஏறி 'லோ' ஆகிறது, வேறு மாற்றம் எதுவும் இல்லை. ஓச்சினார், ஓச்சுகிறார், ஓச்சுவார் என்று காலம் காட்டும். கூடவே இதையும் சொல்லிவிடுகிறேன்: 'செங்கோன்மை' என்பதில் இருப்பது அரசனைக் குறிக்கும் கோன் இல்லை. செங்கோல் + மை. மகரம் வந்ததால் ல் என்பது ன் ஆயிற்று.

கேள்வி: நான் ஒரு நாளிதழில் வேலை செய்கிறேன். 'அந்த அலுவலகத்தில் ஊழல் கோலோச்சுகிறது' என்று எழுதினேன். மூத்தவர் ஒருவர் அடித்துவிட்டார். கொடுங்கோல் ஓச்சுதல் என்று உண்டு என்றால் ஊழல் ஏன் கோலோச்சக் கூடாது?

பதில்: இலக்கணப்படி உங்களைத் தடுக்க முடியாது. ஓச்சு என்ற வினை நல்லதா கெட்டதா என்று பார்க்காது. கொடுங்கோலை ஓச்சலாம், செங்கோலையும் ஓச்சலாம். சிலப்பதிகாரக் கானல்வரியில் காவிரியைப் பாடும்போது 'செங்கோல் அதுவோச்சி' என்று வரும். அடுத்த பாட்டில் 'வளையாச் செங்கோல் அதுவோச்சி' என்று வரும். வளையாத என்ற அடை அங்கே தேவைப்பட்டிருக்கிறதே! கோல் வளையவும் கூடும் என்பதால்தான் அதைச் சொல்ல வேண்டியிருந்தது.

ஆனால் உங்கள் மூத்தவர் பக்கம்தான் நான். அடை எதுவும் இல்லாமல் 'கோலோச்சு' என்று மட்டும் சொன்னால், தமிழ் வாசகர் காதில் அது மதிப்போடுதான் விழுகிறது. 'உலகச் சதுரங்கத்தில் 2007 முதல் 2013 வரை விஸ்வநாதன் ஆனந்த் கோலோச்சினார்' என்று எழுதினால் பொருத்தமாக இருக்கிறது. திறமையால் வந்த இடம், பல ஆண்டுகள் நிலைத்த இடம், மற்றவர்கள் ஒப்புக்கொண்ட இடம். இந்த மூன்றும் இருக்கிற இடத்தில் இந்தச் சொல்லைப் போட்டால் உட்காரும். ஒரு வாரம் ஓடிய பாட்டு கோலோச்சாது.

ஊழலுக்கு நம்மிடம் வேறு வினைகள் தயாராக இருக்கின்றன. ஊழல் தலைவிரித்தாடுகிறது, மலிந்துகிடக்கிறது, புரையோடிப் போயிருக்கிறது. ஒவ்வொன்றும் வேறு நிலையைச் சொல்கிறது. வெளிப்படையாக ஆட்டம் போட்டால் தலைவிரித்தாடுகிறது. உள்ளே போய்ச் சீழ் பிடித்திருந்தால் புரையோடியிருக்கிறது. உங்கள் அலுவலகத்தில் எது நடக்கிறது என்று பார்த்து எழுதினால் செய்தியும் கூர்மையாகும். சந்தையில் ஒரே நிறுவனம் மற்றவர்களை நசுக்கி நிற்கிறது என்றால் 'ஆதிக்கம் செலுத்துகிறது' போதும். ஒருவருடைய புகழ் உச்சத்தில் இருந்தது என்று மட்டும் சொல்ல வேண்டுமானால் 'கொடிகட்டிப் பறந்தார்' இருக்கிறது. மெய்ப்பில் இப்படி மாற்றும்போது சில எழுத்தாளர்கள் வருத்தப்படுவார்கள். அவர்களிடம் நான் காட்டுவது 552ஆம் குறளைத்தான்: 'வேலொடு நின்றான் இடுவென் றதுபோலும் கோலொடு நின்றான் இரவு.' கோலோடு நிற்கிறவன் குடிகளிடம் பணம் கேட்பது, வழியில் வேலோடு நிற்கும் கொள்ளைக்காரன் 'கொடு' என்று கேட்பதற்குச் சமம். லஞ்சம் வாங்குகிறவர் கையில் இருப்பதை வள்ளுவர் வேல் என்றார். அதற்குக் கோல் என்று பெயர் கொடுக்க எனக்கு மனம் வருவதில்லை.

கேள்வி: ஆளுகிறவனுக்கும் ஆள், கூலிக்கு வருகிறவருக்கும் ஆள். 'நம்ம ஆள்' என்றாலும் ஆள். எப்படி ஒரே சொல்?

பதில்: ஆமாம், ஒரே வேர்தான். ஆள் என்ற பெயர்ச்சொல் மனிதர், பணிசெய்பவர், அடிமை. ஆள் என்ற வினை, தன் பொறுப்பில் வைத்து நடத்துவது. நாட்டை ஆள்வது அதில் ஒரு வகைதான். கருவியைக் கையாள்கிறோம். ஒரு சொல்லை ஒருவர் எடுத்தாள்கிறார், அது சொல்லாட்சி. ஆட்சியர், ஆளுநர், ஆண்டவன், ஆளுமை, மேலாண்மை எல்லாம் இதிலிருந்து கிளைத்தவை. நாட்டாண்மைதான் வாய்வழக்கில் நாட்டாமை ஆயிற்று.

இரண்டு முனையும் சேர்ந்து வருகிற இடம் சுந்தரர் கதை. திருமணப் பந்தலில் ஒரு முதியவர் ஓலையோடு வந்து, இவன் எனக்கு அடிமை என்று வழக்குப் பேசுகிறார். அந்த ஓலைக்கு ஆளோலை என்று பெயர். வந்தவர் சிவபெருமான். தடுத்து ஆட்கொண்டார் என்கிறோம். ஆளாகக் கொண்டார் என்று பொருள். பிறகு அதே சுந்தரர் திருத்தொண்டத்தொகையில் பாட்டுக்குப் பாட்டு 'ஆரூரன் ஆரூரில் அம்மானுக்கு ஆளே' என்று தன்னைச் சொல்லிக்கொள்கிறார். ஆள்கிறவன் ஆண்டவன், ஆளப்படுகிறவன் ஆள். நடுவில் இருக்கும் உறவுதான் அந்த வேர். எந்த முனையிலிருந்து பிடித்தாலும் அதே சொல்லாக இருப்பது எனக்கு நியாயமாகவே படுகிறது.

கேள்வி: அதிகாரம் என்றால் அத்தியாயமா, பதவி வலிமையா?

பதில்: இரண்டும். வடமொழியிலிருந்து வந்த சொல். ஒரு பொருளைப் பற்றிய பேச்சு எதுவரை செல்லுமோ அந்த எல்லை, நூலில் அதிகாரம்; திருக்குறளில் 133 இருக்கின்றன, தொல்காப்பியத்தில் 3. ஒருவர் சொல் எதுவரை செல்லுமோ அந்த எல்லை, அலுவலகத்தில் அதிகாரம். எழுத்தில் 'அதிகாரம் செலுத்துகிறார்' என்போம். வீட்டில் 'ரொம்ப அதிகாரம் பண்ணாதே' என்போம். இந்தப் 'பண்ணு' வந்துவிட்டால், இல்லாத எல்லைக்குள் நுழைகிறார் என்ற குறை தானாகச் சேர்ந்துவிடும்.

கேள்வி: அரசிகளுக்கும் கோலோச்சினார் என்று எழுதலாமா? கோல் ஆண்களுக்கு உரியது என்று என் நண்பர் வாதாடுகிறார்.

பதில்: நண்பரைச் சித்திரைத் திருவிழாவுக்கு மதுரைக்கு அழைத்துப் போங்கள். எட்டாம் நாள் மீனாட்சிக்குப் பட்டாபிஷேகம். முடி சூட்டி, செங்கோல் கொடுப்பார்கள். அடுத்த நாள் திக்விஜயம். அதற்கும் அடுத்த நாள்தான் திருக்கல்யாணம். அதாவது கல்யாணத்துக்கு முன்பே கோல் அவள் கைக்கு வந்துவிடுகிறது. சித்திரையிலிருந்து நான்கு மாதம் மீனாட்சி ஆட்சி என்றும், ஆவணியில் சுந்தரேசுவரருக்குப் பட்டாபிஷேகம் ஆனபின் எட்டு மாதம் அவர் ஆட்சி என்றும் மதுரைக்காரர்கள் சாதாரணமாகச் சொல்வார்கள்.

வரலாற்றிலும் அதே ஊர் இருக்கிறது. 1689இல் கைக்குழந்தையாக இருந்த பேரன் விஜயரங்க சொக்கநாதன் சார்பில் ராணி மங்கம்மாள் மதுரை நாயக்க அரசின் பொறுப்பை ஏற்றார். பேரனின் பெயரால் என்றாலும் கோல் இருந்தது பாட்டியின் கையில். ஓச்சு என்ற வினையில் ஆண்பால் எதுவும் ஒளிந்திருக்கவில்லை. ஓச்சினான், ஓச்சினாள், ஓச்சினார் என்று எல்லா விகுதியும் ஏற்கும். 'மங்கம்மாள் மதுரையில் கோலோச்சினார்' என்று தாராளமாக எழுதுங்கள். என் மேசைக்கு வந்தால் அதில் ஒரு எழுத்தையும் தொட மாட்டேன்.